நரபலி ‘நரபுலி’ ஆகிறதா? பேய் எழுத்துருச் சிக்கல்களை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழிமுறை

ரத்தம் சொட்டும் எழுத்து, நகம் கீறிய எழுத்து, கரி உதிரும் எழுத்து. பேச்சில் இவை எல்லாமே ‘பேய் ஃபான்ட்’தான். குறும்பட போஸ்டர், அமானுஷ்யக் கதை சொல்லும் யூடியூப் சேனலின் முகப்புப் படம், தமுக்கம் மைதானத்தில் பொருட்காட்சி போடும்போது பேய் வீட்டு அரங்கின் பலகை என்று மதுரைப் பக்கம் இதற்குத் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் நன்றாக வரும் வேலை தமிழில் இடிக்கிறது. தமிழில் ஒரு கோடு கீழே நீண்டால் எழுத்தே மாறிவிடும். ஒரு புள்ளி மறைந்தால் சொல்லே மாறிவிடும்.

கோளாறு எங்கே என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள வரியைத் தட்டி, உங்கள் பேய் ஃபான்ட்டில் ஒரு முறையும் விண்டோஸோடு வரும் நிர்மலா யூஐ-யில் ஒரு முறையும் பாருங்கள்:

நரபலி, புலி, சாபம், பேய், பெய், எரி, ஏரி, மரணம், மன்னன், கொலை, கோட்டை, ஸ்ரீ

நிர்மலாவிலும் உடைந்து வந்தால் கோளாறு மென்பொருள் அமைப்பில். நிர்மலாவில் சரி, பேய் ஃபான்ட்டில் மட்டும் தப்பு என்றால் கோளாறு ஃபான்ட்டில். திரையில் எல்லாம் சரியாக இருந்து பேனரில் தப்பினால், கோப்பு அனுப்பிய விதத்திலோ அச்சிலோ தேடுங்கள்.

கட்டம் கட்டமாக வருகிறது, அல்லது சாதாரண எழுத்தாக வருகிறது

இணையத்தில் கிடைக்கும் பேய் ஃபான்ட்டுகளில் பெரும்பாலானவற்றில் ஆங்கில எழுத்து மட்டுமே உண்டு. தமிழ் தட்டினால் மென்பொருள் பெட்டி பெட்டியாகக் காட்டும், அல்லது வேறொரு தமிழ் ஃபான்ட்டை எடுத்து இட்டு நிரப்பும். எந்த அமைப்பை மாற்றினாலும் இல்லாத எழுத்து வராது. தமிழ் உள்ள ஃபான்ட்டைத் தேடுங்கள், இல்லையென்றால் தடிமனான தமிழ் ஃபான்ட் ஒன்றை அடிப்படையாக வைத்துச் சொட்டுகளை நீங்களே வரையுங்கள். பலூ தம்பி, காய்னி இரண்டும் இதற்குத் தோதான தடிமன் கொண்டவை. கீறல் வகைக்குக் கவிவனார் பொருந்தும். நம் ஊர்ப் பெயரையே தாங்கிய ஹிந்த் மதுரையின் தடித்த வடிவமும் நல்ல அடிப்படைதான். இவை கூகுள் ஃபான்ட்ஸில் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, வணிக வேலைக்கும் தடையில்லை. ‘சொந்த உபயோகத்துக்கு மட்டும்’ என்று போட்ட பேய் ஃபான்ட்டை வாடிக்கையாளரின் பேனரில் வைக்காதீர்கள்.

ஃபான்ட்டை நிறுவிய பிறகும் பட்டியலில் பெயரே வரவில்லை என்றால், விண்டோஸ் 10, 11-இல் அது உங்கள் பயனர் கணக்குக்கு மட்டும் நிறுவப்பட்டிருக்கும். பழைய மென்பொருள்கள் அந்த இடத்தில் தேடுவதில்லை. ஃபான்ட் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு என்பதைத் தேர்ந்தெடுத்து, மென்பொருளை மூடித் திறங்கள்.

தமிழ் ஃபான்ட்தான், ஆனாலும் எழுத்து குழம்பி வருகிறது

இது பழைய குறியாக்கச் சிக்கல். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று கணினி வைத்திருக்கும் கணக்குதான் குறியாக்கம்; இன்று பொதுவாகப் புழங்குவது யூனிகோடு. பாமினி, வானவில், ஸ்ரீலிபி காலத்து ஃபான்ட்டுகளில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். யூனிகோடில் தட்டிய ‘பேய்’ அங்கே போய் ஒட்டாது. ஃபான்ட்டின் குறியாக்கம் எது என்று தெரிந்துகொண்டு, யூனிகோடில் தட்டிய தலைப்பை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் அந்தக் குறியாக்கத்துக்கு மாற்றுங்கள். மாற்றியபின் வருவது ஆங்கிலக் கிறுக்கல் போலத்தான் தெரியும். அதை அப்படியே ஒட்டிவிட்டு, பிறகு ஃபான்ட்டைத் தேர்ந்தெடுங்கள்.

இந்தக் கிறுக்கலை வேர்டு வழியாகக் கொண்டுவர வேண்டாம். அங்கே தட்டினாலோ திருத்தினாலோ வேர்டு தானாக முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும், நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாக்கும். பாமினி வகையில் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் வெவ்வேறு தமிழ் எழுத்துகள் என்பதால் தலைப்பின் முதல் எழுத்து மட்டும் மாறிப்போய் நிற்கும். நோட்பேடு போதும்.

தமிழக அரசு 2010-இல் யூனிகோடுடன் சேர்த்து ஏற்ற டேஸ்16 குறியாக்கத்திலும் சில ஃபான்ட்டுகள் உண்டு. அவற்றுக்கும் மாற்றி வேண்டும்.

கொம்பு தள்ளி நிற்கிறது, ‘கொ’ உடைகிறது

யூனிகோடில் ‘கொ’ என்பதைக் கணினி முதலில் க, பிறகு ஒகரக் குறி என்ற வரிசையில்தான் வைத்திருக்கிறது. கொம்பை முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது மென்பொருளின் எழுத்துக்கோப்பு இயந்திரம். அது தமிழுக்குத் தயாராக இல்லையென்றால் கொம்பு பின்னால் நிற்கும், புள்ளி அந்தரத்தில் தொங்கும்.

போட்டோஷாப்: பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய், வேர்ல்டு ரெடி லேஅவுட் என்பதைத் தேர்ந்தெடுத்து மூடித் திறங்கள். சற்றுப் பழைய பதிப்புகளில் அதன் பெயர் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன். ஏற்கெனவே தட்டிவைத்த லேயர் இதனால் மட்டும் மாறாமல் போகலாம். அதைத் தேர்ந்தெடுத்து டைப் மெனுவின் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸிலும் மாற்றுங்கள்.

இல்லஸ்ட்ரேட்டர்: பிரிஃபரன்சஸின் டைப் பகுதியில் ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸைப் போட்டு, பாராகிராஃப் பேனலில் தெற்காசிய கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போசர்.

கோரல் டிரா: எக்ஸ்6-க்கு முந்தைய பதிப்பு என்றால் யூனிகோடு தமிழோடு மல்லுக்கட்ட வேண்டாம். பழைய குறியாக்க ஃபான்ட்டே அங்கே ஒழுங்காக வேலை செய்யும்.

அமைப்பு சரியாக இருந்தும் கொம்பு மட்டும் விலகி நின்றால் டிராக்கிங் கூட்டியிருப்பீர்கள். தமிழில் எழுத்து இடைவெளியைக் கூட்டினால் கொம்புக்கும் மெய்க்கும் நடுவேயும் இடைவெளி விழுகிறது. டிராக்கிங்கை 0 ஆக்கிவிட்டு, கர்வ் பண்ணியபின் (அதாவது எழுத்தை ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டுருவமாக மாற்றியபின்) ஒவ்வோர் எழுத்தையும் கொம்போடு சேர்த்து குரூப் செய்து நகர்த்துங்கள்.

எழுத்தருகே புள்ளி வட்டம் தோன்றினால், வாட்ஸ்அப்பில் வந்ததை ஒட்டியதில் குறிகளின் வரிசை கெட்டிருக்கிறது, அல்லது ஒரே எழுத்தில் இரண்டு குறி ஏறியிருக்கிறது. அந்த எழுத்தை முழுதாக அழித்துத் தமிழ்99 விசைப்பலகை முறையில் மறுபடி தட்டுங்கள். ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முயல வேண்டாம்.

எழுத்து அழகாக இருக்கிறது, ஆனால் வேறு சொல்லாகப் படிக்கிறது

இதுதான் பேய் ஃபான்ட்டின் உண்மையான ஆபத்து. கணினி எந்தப் பிழையும் காட்டாது. அச்சாகிக் கம்பத்தில் ஏறிய பிறகுதான் தெருவில் போகிறவர் தப்பாகப் படிப்பார்.

‘நரபலி’யை எடுத்துக்கொள்ளுங்கள். ப-வின் வலது கால் கீழே நீண்டால் அது பு. வடிவமைத்தவர் ஆங்கிலப் பழக்கத்தில் ஒவ்வொரு செங்குத்துக் கோட்டின் அடியிலும் ஒரு சொட்டு வைத்திருப்பார். ப-வின் வலது காலடியில் சொட்டு விழுந்ததும் பலி புலியாகிறது. ச, ய, வ எழுத்துகளுக்கும் இதே கதிதான்: கீழே ஒரு நேர்கோடு இறங்கினால் சு, யு, வு.

துணைக்காலுக்கும் ர-வுக்கும் உள்ள வேறுபாடு அடியில் உள்ள சிறு சாய்வுதான். துணைக்காலின் அடியில் ஒரு சொட்டு கொஞ்சம் சாய்ந்து வழிந்தால் ‘சாபம்’ ‘சரபம்’ ஆகிவிடும். எ-வின் அடியில் சாய்வாக ஒரு சொட்டு வந்தால் ஏ. ‘எரி’ ‘ஏரி’யாகிறது. இது சேர்ப்பதால் வரும் பிழை. அடைப்பதால் வரும் பிழையும் உண்டு: இரட்டைக்கொம்பின் மேல் சுழி ரத்தத்தில் அடைந்துபோனால் ‘பேய்’ ‘பெய்’ ஆகும். மூன்று சுழி ண-வில் ஒரு சுழி அடைந்தால் இரண்டு சுழி ன-வாகத் தெரியும்.

திருத்தும் முறை, கோரல் டிராவில்:

தலைப்பைக் கன்ட்ரோல் + கியூ கொடுத்துக் கர்வ் பண்ணுங்கள். எஃப்10 அழுத்தி ஷேப் டூலை எடுத்து ப-வை நெருக்கமாகப் பெரிதாக்குங்கள். வலது காலடியில் உள்ள சொட்டின் நோட்களை (கோட்டைத் தாங்கும் சிறு பிடிகளை) மட்டும் சுற்றி வளைத்து டெலீட் செய்யுங்கள். அந்த இடம் தட்டையாக இல்லாமல் லேசாக உருண்டு முடியட்டும், மற்ற எழுத்தோடு ஒத்துப்போகும். இழந்த சொட்டை ப-வின் அடிக்கோட்டில், இடமிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி வையுங்கள். அங்கே விழும் கோடு எந்தத் தமிழ் எழுத்தையும் உண்டாக்காது.

அதே தலைப்பில் உண்மையான பு இருந்தால் இரண்டும் வேறுபட்டுத் தெரிய வேண்டும். உகரக் கோடு தொடக்கம் முதல் முடிவு வரை எழுத்தின் தடிமனிலேயே இறங்கட்டும். சொட்டு மேலே அகன்று, நடுவில் மெலிந்து, நுனியில் குமிழாக முடியட்டும். நீளத்திலும் சொட்டு உகரக் கோட்டில் பாதியைத் தாண்டாமல் இருப்பது நல்லது. துணைக்காலின் அடியில் சொட்டே வேண்டாம். அதன் மேல் வளைவின் உட்பக்கத்திலிருந்து வழிய விடுங்கள்.

அடைந்த சுழிகளுக்கு முதலில் ஸ்ட்ரோக்கை, அதாவது எழுத்தைச் சுற்றிய ஓரக்கோட்டைப் பாருங்கள். போட்டோஷாப்பில் லேயர் ஸ்டைல் ஸ்ட்ரோக்கை அவுட்சைடு என்று வைத்தால் சுழியின் உட்பக்கமும் தடிக்கும். எழுத்தைப் பிரதி எடுத்து அடியில் வைத்து, அடிப் பிரதிக்கு மட்டும் ஸ்ட்ரோக் கொடுங்கள். மேல் பிரதியின் சுழி உள்ளே பின்னணி நிறத்தில் ஒரு வட்டம் வைத்துத் திறந்துவிடலாம்.

ஒரே ஃபான்ட்டை அடிக்கடி பயன்படுத்துகிறவர் அதை ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற ஃபான்ட் திருத்தும் மென்பொருளில் திறந்து நிரந்தரமாகவே திருத்திவிடலாம். ப-வும் பு-வும் அதில் தனித்தனிக் கட்டங்களில் இருக்கும், இரண்டையும் திருத்த வேண்டும். உரிமம் திருத்தத்துக்கு இடம் தருகிறதா என்று பார்த்துவிட்டு, திருத்திய ஃபான்ட்டுக்கு வேறு பெயர் வையுங்கள். பெயர் ஒன்றாக இருந்தால் அடுத்த கணினியில் பழையதுதான் ஏறி நிற்கும்.

முடித்தபின், தலைப்பு என்னவென்று தெரியாத ஒருவரிடம் கைப்பேசியில் சிறிதாகக் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். வடிவமைத்தவரின் கண் எழுத்தைப் பார்க்காது, மனதில் இருக்கும் சொல்லைத்தான் பார்க்கும்.

புள்ளி எங்கே போனது?

ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். படிப்பவர் இடம் பார்த்து மெய்யா உயிர்மெய்யா என்று முடிவு செய்தார். பைபாஸ் சாலையில் பேருந்திலிருந்து பேனரைப் பார்ப்பவருக்கு அந்த அவகாசம் கிடையாது.

பேய் ஃபான்ட்டில் புள்ளி மூன்று விதமாகத் தொலைகிறது. ஒன்று, புள்ளியை ரத்தத்துளியாக வரைந்து அதன் வால் எழுத்தோடு ஒட்டிவிடுவது. இரண்டு, சுற்றிலும் தெறித்த துளிகளுக்குள் புள்ளி கலந்துவிடுவது. மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை: இரண்டு வரித் தலைப்பில் மேல் வரியின் சொட்டு அறுந்து, கீழ் வரி எழுத்தின் தலைக்கு மேல் உருண்டையாக நிற்கும். ‘மரணம்’ என்பதில் ர-வுக்கு மேல் அப்படி ஒன்று நின்றால் ‘மர்ணம்’ என்றுதான் படிப்பார்கள்.

புள்ளியின் விட்டம் எழுத்தின் செங்குத்துக் கோட்டுத் தடிமனுக்குக் குறையக் கூடாது. எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவே அந்தத் தடிமனில் பாதியாவது வெற்றிடம் வேண்டும். தெறிப்புத் துளிகள் எல்லாம் புள்ளியில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும், எழுத்தின் தலைக்கு நேர் மேலே ஒன்றும் வேண்டாம். இரண்டு வரி என்றால் வரி இடைவெளியை 150 சதவீதத்தில் தொடங்கி, மேல் வரிச் சொட்டுகள் கீழ் வரியின் எழுத்திடைவெளியில் இறங்கும்படி கீழ் வரியைச் சற்று இடவலமாக நகர்த்துங்கள்.

‘கொலை’யில் பழைய லை வருகிறது

1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் மாறிய 13 எழுத்துகளின் பழைய வடிவம் சில ஃபான்ட்டுகளில் மாற்று வடிவமாக இருக்கும். பழைய வடிவத்தில் லை, ளை, ணை, னை நான்கும் யானைத் தும்பிக்கை போலச் சுருண்டிருக்கும். ஓப்பன்டைப் பேனலில் ஸ்டைலிஸ்டிக் ஆல்டர்னேட்ஸ் தவறிப்போய் அழுத்தப்பட்டிருந்தால் அவை வந்துவிடும். அணைத்தால் போதும். பாழடைந்த பங்களா, பழைய ஜமீன் மாதிரியான கதைக்கு வேண்டுமென்றே வைத்தால் அருமையாகப் பொருந்தும். ஆனால் தலைப்பு முழுக்க ஒரே முறையில் இருக்க வேண்டும், ஓரிடத்தில் பழைய லையும் இன்னோரிடத்தில் புதிய ணையும் கூடாது.

சொட்டின் நுனி வெட்டுப்படுகிறது

வேர்டில் என்றால் வரி இடைவெளி எக்ஸாக்ட்லி என்று இருக்கும். மல்டிபிள் 1.3 ஆக்குங்கள். எல்லா மென்பொருளிலும் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டால் ஃபான்ட்டின் அளவுக் குறிப்பு தப்பு. எழுத்து எவ்வளவு கீழே இறங்கும் என்று ஃபான்ட்டுக்குள் எழுதிய எண்ணைத் தாண்டிப் போவதை விண்டோஸ் வெட்டிவிடும்.

ஃபான்ட்ஃபோர்ஜில் எலிமென்ட் மெனு, ஃபான்ட் இன்ஃபோ, அதில் ஓஎஸ்/2 பகுதியின் மெட்ரிக்ஸ். மிக நீண்ட சொட்டு −480 அலகில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். வின் டிசென்ட் 480, எச்ஹெட் டிசென்ட் −480 என்று கொடுங்கள். முதலாவதில் கழித்தல் குறி கிடையாது, இரண்டாவதில் உண்டு. இதைக் குழப்பிக்கொண்டால் வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். பக்கத்தில் உள்ள ஆஃப்செட் டிக்கை எடுத்துவிட்டுத்தான் எண்ணை எழுத வேண்டும். மேல்பக்கப் புள்ளிக்கும் இதே போல அசென்ட். அவசர வேலை என்றால் எதையும் திருத்தாமல் கர்வ் பண்ணிவிடுங்கள், வெட்டு மறைந்துவிடும்.

கர்வ் பண்ணியதும் வெள்ளை ஓட்டை விழுகிறது

சொட்டும் எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய தனித்தனிக் கோட்டுருவமாக இருந்தால், ஏறிய பகுதி ஓட்டையாகத் தெரியும். வேரியபிள் ஃபான்ட்டுகளில் (ஒரே கோப்பில் தடிமனை மாற்றிக்கொள்ளும் வகையில்) கோடுகள் இப்படி ஏறியிருப்பது இயல்பே. இல்லஸ்ட்ரேட்டரில் பாத்ஃபைண்டரின் யுனைட். கோரலில் கன்ட்ரோல் + கே கொடுத்துப் பிரித்து, எழுத்து உடலையும் சொட்டையும் வெல்டு செய்து ஒன்றாக்கி, பிறகு சுழியின் உள்வட்டத்தைச் சேர்த்துக் கன்ட்ரோல் + எல் கொடுங்கள். சுழியை விட்டுவிட்டால் அது நிரம்பிப்போகும். ஃபான்ட்டிலேயே திருத்த, ஃபான்ட்ஃபோர்ஜில் ரிமூவ் ஓவர்லாப், அடுத்து கரெக்ட் டைரக்ஷன், இந்த வரிசையில்.

கணினி திணறுகிறது, வினைல் வெட்டும் பிளாட்டர் நடுங்குகிறது

கரடுமுரடான அமைப்புக்காக ஓர் எழுத்துக்கே ஆயிரக்கணக்கில் நோட் வைத்த ஃபான்ட்டுகள் உண்டு. ஷேப் டூலில் எல்லா நோட்களையும் தேர்ந்தெடுத்து ரெட்யூஸ் நோட்ஸ் கொடுத்து, ஓரம் மழுங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். வினைல் வெட்டுவதென்றால் 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த தெறிப்புகளை நீக்கிவிடுங்கள், வேண்டாத பகுதியை உரிக்கும்போது அவையும் கையோடு வந்துவிடும். சொட்டின் மெலிந்த நடுப்பகுதி 3 மில்லிமீட்டராவது இருக்கட்டும்.

தெர்மாகோல், எம்டிஎஃப் பலகையில் எழுத்தை அறுத்து எடுப்பதானால் புள்ளி தனித் துண்டு என்பதை மறக்க வேண்டாம். பின்பக்கம் ஒரு பட்டை கொடுத்து எழுத்தோடு இணையுங்கள், அல்லது எல்லாவற்றையும் ஒரு பின்பலகையில் ஒட்டுங்கள். எழுத்து வடிவில் துளை போடும் ஸ்டென்சிலில் நிலைமை தலைகீழ்: புள்ளி தானாக நிற்கும், சுழிகளின் உள்வட்டம் உதிரும். அங்கே பாலம் விட வேண்டும். அந்தப் பாலத்தையே ஒரு கீறலாக வரைந்தால் பேய் எழுத்துக்கு அது அழகாகவே அமையும்.

பேனரில் ரத்தம் மங்கிப்போனது

திரையின் பளிச்சிடும் சிவப்பை மைக்கலவை எட்டாது. கோப்பைத் தொடங்கும்போதே சிஎம்ஒய்கே-யில் (சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு அச்சு மைகளின் கணக்கில்) தொடங்கி, மெஜந்தா 100, மஞ்சள் 100 என்று வையுங்கள். காய்ந்த ரத்த நிறம் வேண்டுமானால் சயான் 20, கருப்பு 20 சேர்க்கலாம். கருப்புப் பின்னணியில் அந்தக் காய்ந்த நிறத்தைத் தலைப்புக்குப் போடாதீர்கள். இரவில் மஞ்சள் சோடியம் விளக்கடியில் சிவப்பு கருத்துத்தான் தெரியும், தலைப்பே காணாமல் போகும். சுற்றிலும் வெளிர்மஞ்சளில் மெல்லிய கான்டூர் (ஓரக்கோடு) கொடுத்தால் எழுத்து எழும்பி நிற்கும்.

பின்னணிக் கருப்புக்கு சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கருப்பு 100 கொடுத்தால் ஆழம் வரும். தேதி, இடம் போன்ற சிறு எழுத்துக்குக் கருப்பு 100 மட்டும். நான்கு மையும் போட்டால் சிவகாசி ஆஃப்செட்டிலும் அரை நூல் விலகினால் எழுத்து இரட்டையாகத் தெரியும். அந்தச் சிறு எழுத்தைப் பேய் ஃபான்ட்டில் போடவே வேண்டாம். நேரமும் இடமும் தெளிவான சாதா எழுத்தில் இருக்கட்டும்.

10 × 8 அடி ஃப்ளெக்ஸுக்கு முழு அளவில் 72 டிபிஐ (அங்குலத்துக்கு 72 பிக்சல்) போதும், 8640 × 6912 பிக்சல். எழுத்துயரத்துக்குப் பொதுக்கணக்கு 10 அடி தொலைவுக்கு 1 அங்குலம். சொட்டு எழுத்துக்கு அதை 2 அங்குலமாக வையுங்கள். 100 அடி தள்ளி நின்று படிக்க வேண்டுமானால் சொட்டை விட்டுவிட்டு எழுத்துடல் மட்டும் 20 அங்குலம்.

அச்சகத்துக்குக் கொடுக்கும் கோப்பில் தலைப்பு கர்வ் ஆகியிருக்க வேண்டும். பிடிஎஃப்-இல் பதிக்க அனுமதியில்லாத ஃபான்ட்டுகள் உண்டு, அங்கே திறந்ததும் வேறு எழுத்தாக மாறிவிடும். கர்வ் பண்ணாத மூலக் கோப்பை வேறு பெயரில் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நேரத்தில் தேதி மாறினால் அதுதான் கைகொடுக்கும்.